ஆங்கிலத்தின் லத்தீன் வேர்கள்: பட்டியலை மனப்பாடம் செய்தால் போதுமா?

#1 அரும்பு

வணக்கம். மாலை நேரத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஆண்டு சொல்வளத்தை லத்தீன் வேர்களை வைத்து நடத்தலாம் என்று ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறேன். 'போர்ட்' என்றால் சுமத்தல் என்று சொல்லிவிட்டால் இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், போர்ட்டர் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. 'டிக்ட்' என்றால் சொல்லுதல். டிக்டேஷன், பிரெடிக்ட், கான்ட்ரடிக்ட், டிக்‌ஷனரி.

இரண்டு கேள்விகள். இந்த முறை உண்மையிலேயே பலன் தருமா, அல்லது கேட்க அழகாக இருக்கும் வித்தை மட்டும்தானா? அடுத்தது, நீளமான கடினச் சொற்கள் லத்தீன், வீடு வாசலில் புழங்கும் சின்னச் சொற்கள் சொந்த ஆங்கிலம் என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா?

#2 மணல்மேடு

பலன் தரும் அக்கா, சந்தேகமே வேண்டாம். போட்டித் தேர்வுக்குப் படித்தபோது எனக்குக் கை கொடுத்தது இதுதான்.

லத்தீனில் 'ஸ்பெகெரே' என்றால் பார்த்தல். உள்ளே பார்ப்பது இன்ஸ்பெக்ட். திரும்பிப் பார்ப்பது ரெஸ்பெக்ட். மதிப்புக்குரியவர் கடந்து போனால் திரும்பிப் பார்க்கிறோம் அல்லவா? சஸ்பெக்ட் என்பதில் முன்னால் ஒட்டியிருப்பது 'சப்', அதாவது கீழிருந்து. தலையைத் தாழ்த்திக்கொண்டு கண்ணை மட்டும் உயர்த்தி ஒருவரைப் பார்த்துப் பாருங்கள், அவர் உடனே 'என்ன சந்தேகம்?' என்று கேட்பார்.

திருமண அழைப்பிதழ்களில் 'ஆஸ்பிஷியஸ்' என்று அச்சடிக்கிறோமே, அதிலும் இந்தப் பார்த்தல்தான் இருக்கிறது. முன்பாதி 'ஆவிஸ்', பறவை. ரோமானியர்கள் பறவை பறக்கும் திசையைப் பார்த்து ஒரு காரியம் ஆகுமா ஆகாதா என்று முடிவுசெய்தார்கள். சங்கப் பாடல்களில் வரும் புள் நிமித்தமும் இதே வழக்கம்தான். இப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கு மறக்கும்?

#3 பழுப்பேடு

அரும்பு அவர்களின் முதல் கேள்விக்குப் பிறகு வருகிறேன். இரண்டாவதைத் தயவுசெய்து பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஆங்கிலத்தின் மிகச் சின்னச் சொற்கள் சிலதான் அதிலுள்ள மிகப் பழைய லத்தீன் சரக்கு.

சுவரைக் குறிக்கும் 'வால்' லத்தீன் 'வால்லும்' என்பதிலிருந்து வந்தது. 'ஸ்ட்ரீட்' என்பது கல் பாவிய சாலையைக் குறித்த 'ஸ்ட்ராட்டா வியா'. சீஸ் என்பது 'காசெயுஸ்'. வைன், கப், டிஷ், கிச்சன், இன்ச், பவுண்டு எல்லாமே லத்தீன்தான். மைல் என்பது ஆயிரம் எட்டு. இடக்கால் ஊன்றிய இடத்திலிருந்து அதே கால் மறுபடி ஊன்றும் இடம் வரை ரோமானியருக்கு ஓர் எட்டு.

ரோமானியர்கள் பிரிட்டனை ஆண்டபோது இவை ஆங்கிலத்துக்குள் வந்தன என்று சிலர் எழுதுகிறார்கள். கணக்கு இடிக்கிறது. ரோமப் படை அங்கே இறங்கியது கி.பி. 43இல். ரோம ஆட்சி முடிந்தது 410ஐ ஒட்டி. அந்தக் காலத்தில் அத்தீவின் மக்கள் பேசியது கெல்டிக் மொழி. ஆங்கிலத்தின் மூதாதை மொழியைப் பேசிய ஆங்கிள்களும் சாக்சன்களும் பெருந்திரளாகக் கடல் தாண்டி வந்தது 5ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்பே, வடகடலின் மறுகரையில் இருந்தபோதே, ரோமப் பேரரசோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார்கள். சரக்கை வாங்கும்போது பெயரையும் சேர்த்து வாங்கினார்கள். மலிவு என்று நாம் பொருள் கொள்ளும் 'சீப்' கூட, சத்திரக்காரனையும் சில்லறை வியாபாரியையும் குறித்த 'கௌபோ'விலிருந்து கிளைத்ததுதான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வணிகம், சந்தை என்றுதான் பொருள். லண்டனில் இன்றும் இருக்கும் சீப்சைடு பழைய சந்தைத் தெரு. மலிவு விலைத் தெரு அல்ல.

லத்தீன் ஆங்கிலத்துக்குள் நுழைந்த வாசல்கள் நான்கு. முதலாவது மேலே சொன்ன வணிக வாசல். அடுத்தது தேவாலய வாசல்: 597இல் அகஸ்டின் என்ற துறவி கென்ட் பகுதிக்கு வந்து சேர்ந்த பிறகு கேண்டில், மாஸ், மாங்க், ஸ்கூல் போன்றவை வந்தன. இவற்றில் சிலவற்றை லத்தீனே கிரேக்கத்திடம் கடன் வாங்கியிருந்தது. மூன்றாவது, 1066இல் நார்மன் படையெடுப்பு திறந்துவிட்ட பிரெஞ்சு வாசல். நான்காவது, மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் புத்தகத்திலிருந்து நேரே எடுத்து எழுதியவை.

ஒரே சொல் வேறு வேறு வாசல்களில் வந்ததற்கு ஒரு சாட்சி: ரோமில் யூனோ மொனேட்டா என்ற தேவதையின் கோயிலை ஒட்டி நாணயம் அடித்தார்கள். அதனால் நாணயச் சாலைக்கே 'மொனேட்டா' என்று பெயராயிற்று. வணிக வாசலில் வந்தபோது அது தேய்ந்து 'மின்ட்' ஆனது. பிரெஞ்சு வாசலில் வந்தபோது 'மணி' ஆனது. புத்தக வாசலில் வந்தபோது அதிகம் கசங்காமல் 'மானிட்டரி' ஆனது. வீட்டில் மணி, அரசாங்கத்தில் மானிட்டரி பாலிசி. பிள்ளைகளுக்கு வேரைச் சொல்லிக்கொடுப்பதோடு எந்த வாசல் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

#4 மணல்மேடு

ஐயா, ஆங்கிலத்தில் பாதிக்கு மேல் லத்தீன் என்பது சரிதானே?

#5 பழுப்பேடு

எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது தம்பி. 1973இல் வெளியான ஓர் ஆய்வு, ஆக்ஸ்ஃபோர்டு சிற்றகராதியின் ஏறத்தாழ 80,000 சொற்களை எடுத்துப் பிரித்துப் பார்த்தது. லத்தீனிலிருந்து வந்தவை சுமார் 28 விழுக்காடு, பிரெஞ்சிலிருந்து வந்தவையும் சுமார் 28. ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தவை சுமார் 25. பிரெஞ்சே லத்தீனின் மகள் என்பதால் இரண்டையும் கூட்டினால் பாதியைத் தாண்டுகிறது.

ஆனால் அது அகராதிக் கணக்கு. பேச்சை எண்ணினால் படம் தலைகீழ். தி, ஆஃப், அண்ட், ஐ, யூ, இஸ், இன், கோ, கம் என்று மூச்சுக்கு மூச்சு வருபவை பெரும்பாலும் சொந்த ஆங்கிலம்.

#6 வடமராட்சியான்

பழுப்பேடு ஐயா கிச்சனைத் தொட்டதால் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் சமையலறையைக் குசினி என்போம். அம்மம்மாவுக்கு வேறு சொல்லே தெரியாது. அது போர்த்துக்கீசரின் 'கொசின்யா'. அதற்கு மூலம் லத்தீனின் 'கொகீனா', பின்னாளில் பேச்சில் 'கொசீனா'. பிரெஞ்சுக்காரரின் குவிசீனும் அதுதான், ஆங்கிலேயரின் கிச்சனும் அதுதான். நட்சத்திர விடுதியில் குவிசீன், அடுக்குமாடி வீட்டில் கிச்சன், எங்கள் வீட்டில் குசினி. கறி ஒன்றுதான்.

மேசையும் (லத்தீன் 'மென்சா'), அலுமாரியும் ('அர்மாரியும்') அதே கப்பலில் வந்தவை. நீங்கள் சொல்லும் சாவியும் லத்தீன் 'க்ளாவிஸ்' வழிதான், போர்த்துக்கீசரின் 'ஷாவ்'. நாங்கள் திறப்பு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதைச் சிறு பெருமையோடு பதிவு செய்கிறேன்.

#7 மண்வாசம்

ரைஸ் என்பதே அரிசியிலிருந்து போனதுதான், தெரியுமா? கிரேக்கர் எடுத்தார்கள், லத்தீன்காரர் எடுத்தார்கள், ஆங்கிலேயர் எடுத்தார்கள். நாம்தான் எல்லோருக்கும் கொடுத்தோம்.

#8 நெருஞ்சி

பாதி வழி சரி. ரைஸ் பிரெஞ்சிலிருந்து வந்தது, பிரெஞ்சு இத்தாலியத்திலிருந்து, அது லத்தீன் 'ஒரிசா'விலிருந்து, அது கிரேக்கத்திலிருந்து. கிரேக்கருக்கு யார் கொடுத்தார்கள் என்பதில்தான் ஆய்வாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள். ஈரானிய மொழிகள் வழியாக, சமஸ்கிருத 'வ்ரீஹி'யின் உறவாகப் போனது என்று கருதுபவர்கள் பலர். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காகப் பட்டா எழுதிக்கொள்ள முடியாது.

பெருமைப்பட வேண்டுமென்றால் ஜிஞ்சருக்குப் படுங்கள். இஞ்சியும் வேரும் சேர்ந்த திராவிடச் சொல், பாலியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்', லத்தீனில் 'ஸிங்கிபெர்'. ஆங்கிலத்துக்குள் அது நார்மன்கள் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. இந்தப் பாதையில் தடயம் தெளிவாக இருக்கிறது.

#9 கணக்கன்

என் தொழில் பக்கத்திலிருந்து சில. பவுண்டு எடைக்கு ஏன் 'எல்.பி.' என்று எழுதுகிறோம், அந்தச் சொல்லில் இந்த இரண்டு எழுத்துமே இல்லையே என்று ஒரு பயிற்சி மாணவர் கேட்டார். அது 'லிப்ரா', தராசு. முழுப் பெயர் 'லிப்ரா பாண்டோ', தராசில் நிறுத்த எடை. பேசும்போது பின்பாதியைச் சொல்கிறோம், எழுதும்போது முன்பாதியை எழுதுகிறோம். பிரிட்டிஷ் பவுண்டின் குறியீடும் லிப்ராவின் முதலெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டதுதான்.

பென்னியை 'டி' என்று சுருக்கினார்கள், 'தெனாரியுஸ்' என்ற ரோம நாணயத்தின் நினைவாக. 1971 பிப்ரவரியில் பிரிட்டன் பதின்மக் கணக்குக்கு மாறும்வரை கடைகளில் அந்த 'டி' தொங்கிக்கொண்டிருந்தது.

தங்க விலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. அவுன்ஸும் இன்சும் ஒரே சொல். 'உன்கியா' என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. அடியில் பன்னிரண்டில் ஒன்று இன்ச். தங்கம் நிறுக்கும் ட்ராய் பவுண்டில் பன்னிரண்டில் ஒன்று அவுன்ஸ். பழுப்பேடு ஐயாவின் கணக்குப்படி இன்ச் வணிக வாசல், அவுன்ஸ் பிரெஞ்சு வாசல். சரிதானே ஐயா?

#10 பழுப்பேடு

மிகச் சரி.

#11 மணல்மேடு

கணக்கன் அண்ணா, சாலரியை விட்டுவிட்டீர்களே! ரோமப் படைவீரர்களுக்கு உப்பாகச் சம்பளம் கொடுத்தார்கள். 'சால்' என்றால் உப்பு. நம் 'சம்பளம்' கூட சம்பாவும் அளமும் சேர்ந்தது என்பார்கள்.

#12 நெருஞ்சி

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

'சலாரியும்' என்ற சொல் 'சால்' என்ற உப்புச் சொல்லிலிருந்து வந்தது என்பது சரி. மூத்த பிளினியும் அந்த இரண்டையும் தொடர்புபடுத்தி எழுதியிருக்கிறார். ஆனால் வீரன் கையில் உப்பு மூட்டையைக் கொடுத்து 'இந்தா கூலி' என்றார்கள் என்பதற்குப் பழைய சான்று எதுவும் கிடையாது. அவர்களுக்குக் காசுதான் கொடுத்தார்கள். உப்பு வாங்கக் கொடுத்த படி என்பதும் பிற்கால ஊகம். சொல்லின் வேர் ஒன்று, அதைச் சுற்றிக் கட்டும் கதை வேறு.

இன்னும் இரண்டு பொய்களையும் அடக்கம் செய்துவிடுகிறேன். 'சின்சியர்' என்றால் 'மெழுகு இல்லாமல்', சிற்பிகள் விரிசலை மெழுகால் மறைப்பார்கள், மறைக்காதவன் நேர்மையானவன் என்று ஒரு கதை. 'சின்கேருஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குத் தூய்மையான, கலப்பற்ற என்றே பொருள். மெழுகு எங்கும் இல்லை. அடுத்தது பள்ளி ஆண்டுவிழா மேடைகளுக்கு உரியது: 'எஜுகேஷன்' என்றால் மாணவனுக்குள் இருப்பதை வெளியே கொண்டுவருதல். வெளியே இட்டுச்செல்லும் வினை 'எதூகெரே'. கல்விக்கு மூலமான வினை 'எதுகாரே', பிள்ளையை வளர்த்து ஆளாக்குதல். இரண்டும் உறவுதான், ஆனால் ஒன்றல்ல. மேடையில் பேசுபவர்கள் எப்போதும் அழகான பக்கத்து வீட்டுப் பெண்ணையே காட்டுகிறார்கள்.

#13 செவிலி

நெருஞ்சி இருக்கும் இழையில் எழுதவே தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். இவை மருத்துவக் கல்லூரி நூலகத்தில் சரிபார்த்தவை.

சிறுநீரகக் கல்லை மருத்துவர்கள் 'கால்குலஸ்' என்று எழுதுவார்கள். கணிதத்தில் பிள்ளைகளை அழவைக்கும் பாடத்துக்கும் அதுதான் பெயர். லத்தீனில் அது கூழாங்கல். கல்லை வைத்து எண்ணினார்கள், அதனால் எண்ணுவது 'கால்குலேட்'. கழுத்தெலும்பு 'கிளாவிக்கிள்', வடமராட்சியான் சொன்ன 'க்ளாவிஸ்' என்பதன் குட்டி வடிவம்: சின்னச் சாவி. தசை 'மஸிள்', சின்ன எலி. கையை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுவது போல இருக்கிறதாம்.

'வாக்சின்' பசுவிலிருந்து வந்தது, 'வாக்கா'. மாட்டம்மைச் சீழை எடுத்து ஊசி குத்தி மனிதரைப் பெரியம்மையிலிருந்து காக்கலாம் என்று எட்வர்ட் ஜென்னர் 1798இல் நூலாக வெளியிட்டார். மாட்டம்மைக்கு அவர் கொடுத்த லத்தீன் பெயரில் இருந்த பசு இன்று எல்லாத் தடுப்பூசியிலும் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது 'பியூபில்'. கண்ணின் கருவட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர்? 'பூபில்லா' என்றால் சின்னப் பொம்மை, சின்னப் பெண். எதிரில் இருப்பவர் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவம் பொம்மையளவுக்குத் தெரிகிறது. நம் மொழியிலும் பாவை என்றால் பொம்மை, பாவை என்றால் பெண், பாவை என்றால் கண்ணின் மணி. 'கருமணியிற் பாவாய்நீ போதாய்' என்று குறளில் காதலன் கண்ணுக்குள் இருக்கும் பாவையை இடம் காலி செய்யச் சொல்கிறான். ரோமானியரும் நாமும் தனித்தனியாக ஒரே கண்ணுக்குள் பார்த்திருக்கிறோம்.

#14 நெருஞ்சி

ஒரு குறையும் சொல்வதற்கில்லை சகோதரி. கிரேக்கத்திலும் அப்படியே, 'கோரே' என்றால் சிறுமி, கண்மணி.

#15 அரும்பு

இழை இவ்வளவு செழிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. நடைமுறையில் என்னை வாட்டும் ஒன்றைக் கேட்கிறேன். 'அக்காமடேட்' என்ற சொல்லில் இரண்டு சி, இரண்டு எம். பிள்ளைகள் எப்போதும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அடுத்தது கடனைக் குறிக்கும் 'டெட்'. நடுவில் ஒரு பி எதற்கு? 'எழுத்தாக இருக்கிறது, ஒலிப்பதில்லை' என்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது.

#16 பழுப்பேடு

முதலாவதற்குத் தமிழ் இலக்கணமே போதும். புணர்ச்சி.

மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். பின்னால் வரும் ககரத்துக்கு ஏற்ப மகரம் ஙகரமாகிறது. லத்தீனிலும் முன்னொட்டின் கடைசி எழுத்து அடுத்து வரும் எழுத்துக்கு வளைந்துகொடுக்கும். இல்லை என்று பொருள்படும் 'இன்' பகரத்துக்கு முன்னால் 'இம்' ஆகும், இம்பாசிபிள். எல் எழுத்துக்கு முன்னால் இல்லீகல், ஆர் எழுத்துக்கு முன்னால் இர்ரெகுலர். ஒருபோதும் 'இன்லீகல்' ஆகாது. 'நோக்கி' என்று பொருள்படும் 'அட்' இன்னும் மோசமான பச்சோந்தி. டி தொலைந்து அடுத்த எழுத்தின் உருவத்தை எடுத்துக்கொள்ளும்: அட்ராக்ட், அஃபெக்ட், அக்ரெஸிவ், அனெக்ஸ், அப்ளை. எழுத்துக்கூட்டிப் பாருங்கள், எல்லாவற்றிலும் மெய் இரட்டித்திருக்கும்.

அக்காமடேட் என்பது அட் + காம் + 'மோதுஸ்' என்ற அளவைச் சொல். அட்டின் டி, காமின் சி ஆகிவிட்டது, ஆகவே இரண்டு சி. காமின் எம்மும் மோதுஸின் எம்மும் சந்திக்கின்றன, ஆகவே இரண்டு எம். மூன்றாகப் பிரித்து ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். பொன் + குடம் பொற்குடமாவதைப் படித்த பிள்ளைக்கு இது புதிதே அல்ல.

இரண்டாவது, அறிவாளிகளின் கைங்கரியம். 'டெட்' பிரெஞ்சு வாசலில் பி இல்லாமல்தான் வந்தது. பழைய ஆங்கிலேயர் 'டெட்டே' என்று ஒலிப்பதைப் போலவே எழுதினார்கள். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் லத்தீன் மோகம் தலைக்கேறியவர்கள், இது 'தெபிதும்' அல்லவா, அந்த பி எங்கே போயிற்று என்று இழுத்துவந்து நட்டுவிட்டார்கள். டவுட் என்பதன் பியும் அப்படி, ரிசீட் என்பதன் பியும் அப்படி. மக்கள் நாக்கு அசையவில்லை. எழுத்து மட்டும் மாறியது. ஷேக்ஸ்பியரே தம் நகைச்சுவை நாடகம் ஒன்றில், இந்த பிக்களை ஒலிக்காதவர்கள் மேல் எரிந்துவிழும் ஒரு வாத்தியாரைப் படைத்துக் கேலி செய்திருக்கிறார்.

சில இடங்களில் நாக்கும் பணிந்துவிட்டது. 'ஃபால்ட்' முன்பு எல் இல்லாமல் இருந்தது. எழுத்தில் சேர்த்தார்கள், பிறகு ஒலிப்பிலும் ஏறிவிட்டது. கொடுமையின் உச்சம் தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்'. அது சொந்த ஆங்கிலச் சொல், லத்தீனோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'இன்சுலா'வின் பிள்ளையான 'ஐல்' பக்கத்தில் இருந்ததால் அதன் எஸ்ஸை இதற்கும் மாட்டிவிட்டார்கள்.

#17 மண்வாசம்

நம் மண்ணில் 1916ஐ ஒட்டி மறைமலையடிகள் தனித்தமிழைத் தொடங்கினார். இத்தனை லத்தீனையும் ஆங்கிலேயர் ஒருவர் கூட எதிர்க்கவில்லையா? மானம் இல்லாத மொழியா?

#18 பழுப்பேடு

எதிர்த்தார்கள். கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கற்பித்த ஜான் சீக், லத்தீனும் கிரேக்கமும் கரைத்துக் குடித்தவர், அவரே எதிர்த்தார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது நூறு வீரர் தலைவனைக் குறிக்கும் 'சென்ச்சூரியன்' வேண்டாம் என்று 'ஹன்ட்ரெடர்' என்றார். உயிர்த்தெழுதலுக்கு 'கெயின்ரைசிங்', 'லூனடிக்' என்பதற்கு 'மூன்ட்'. நம் மொழி பிற மொழிகளின் கடன் கலக்காமல் தூய்மையாக எழுதப்பட வேண்டும் என்று 1557இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்த வாக்கியத்தில் தூய்மைக்கு அவர் பயன்படுத்திய 'ப்யூர்' லத்தீன். கருத்து என்பதற்குப் போட்ட 'ஒப்பீனியன்' லத்தீன்.

19ஆம் நூற்றாண்டில் டார்செட் பகுதிப் பாதிரியார் வில்லியம் பார்ன்ஸ் இலக்கணத்தை 'ஸ்பீச்கிராஃப்ட்' என்றார், தாவரவியலை 'வர்ட்லோர்' என்றார். எதுவும் நிற்கவில்லை. நின்றது, 1846இல் வில்லியம் தாம்ஸ் உருவாக்கிய 'ஃபோக்லோர்'. அதுவரை 'பாப்புலர் ஆன்டிக்விட்டீஸ்' என்று இரண்டு லத்தீன் சொற்களால் சொல்லிக்கொண்டிருந்ததை அது ஓரங்கட்டிவிட்டது. மானம் இருந்தது மண்வாசம், பழக்கம் அதைவிட வலுவாக இருந்தது.

#19 கணக்கன்

ஆறு பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. 'ரைவல்' என்ற சொல் ஓடையைக் குறிக்கும் 'ரீவுஸ்' வழி வந்தது. ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் இருவர் 'ரீவாலிஸ்'. மேற்கொண்டு விளக்கம் காவிரிப் படுகையில் பிறந்த எனக்குத் தேவைப்படவில்லை.

#20 பழுப்பேடு

இப்போது அரும்பு அவர்களின் முதல் கேள்வி. பட்டியல் பலன் தரும், ஆனால் மூன்று இடத்தில் கவிழ்க்கும்.

ஒன்று, ஒரே உருவம், வேறு வேர். 'பெட்' என்றால் பாதம் என்று சொல்லிக்கொடுப்பீர்கள். பெடல், பெடஸ்ட்ரியன் சரியாக வரும். அடுத்து ஒரு பிள்ளை 'பீடியாட்ரிஷியன்' கால் மருத்துவர் என்று எழுதும். அது கிரேக்கத்தில் குழந்தையைக் குறிக்கும் 'பைஸ்', 'பைதோஸ்'. முன்னொட்டு 'இன்' இரண்டு உண்டு, ஒன்று இல்லை, மற்றது உள்ளே. பெட்ரோல் லாரியின் பின்புறம் சிவப்பு எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று இருக்கிறதே, அதைத் 'தீப்பற்றாதது' என்று படித்தால் என்ன ஆகும்? அங்கே 'இன்' உள்ளே. தீயை உள்வாங்கிப் பற்றிக்கொள்ளும். இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே இப்போது பல நாடுகளில் 'ஃப்ளேமபிள்' என்று மட்டும் எழுதுகிறார்கள்.

இரண்டு, ஒரே வேர், வேறு உருவம். பிடித்தல் 'காபெரே'. காப்சர் என்பதில் வேர் தெரிகிறது. ஆனால் முன்னொட்டு சேர்ந்தால் லத்தீனில் உயிர் மெலியும்: அக்செப்ட், ரெசிபியன்ட். பிரெஞ்சு வழியாக வந்தால் இன்னும் தேய்ந்து ரிசீவ். நான்கும் ஒரு குடும்பம். பட்டியலில் 'கேப்' என்று மட்டும் எழுதியிருந்தால் மூன்று பேர் காணாமல் போவார்கள்.

மூன்று, பொருள் ஓடிவிட்ட சொற்கள். 'நைஸ்' என்பது 'நெஸ்கியுஸ்', ஒன்றும் தெரியாதவன். ஆங்கிலத்தில் முதலில் முட்டாள் என்ற பொருளில் வந்து, கூச்சம் உள்ளவன், நுணுக்கமானவன் என்று நழுவி நழுவி இன்று இனிமையில் நிற்கிறது. 'மானுஃபாக்சர்' கையால் செய்தல். இன்று ஆலையில் கை படாமல் செய்கிறார்கள். இங்கே வேர் பொருளைக் காட்டாது, சொல் கடந்துவந்த தூரத்தைத்தான் காட்டும்.

ஆகவே வேரைச் சொல்லித் தெரியாத சொல்லின் பொருளை ஊகிக்கச் சொல்லாதீர்கள். தெரிந்த சொற்களைக் கூட்டி வைத்து, இவர்களுக்குள் என்ன உறவு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மணல்மேடு தம்பி ஸ்பெக்ட் குடும்பத்தில் செய்தது அதுதான்.

#21 மணல்மேடு

அப்படியானால் கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று தருகிறேன். 'கேட்ச்', 'சேஸ்' இரண்டும் ஒரே சொல். காபெரேயின் வழிவந்த பேச்சு லத்தீன் வினை ஒன்று, பிடிக்கத் துரத்துதல். நார்மன் பிரெஞ்சு அதைக் ககரத்தோடு சொன்னது, பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சு சகரத்தோடு சொன்னது. ஆங்கிலம் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டது. கால்நடை 'கேட்டில்', உடைமை 'சாட்டல்' என்பதும் அதே ஜோடி. அங்கே மூலம் தலையைக் குறிக்கும் 'காபுத்', நேரே வந்த மூன்றாமவர் 'கேப்பிட்டல்'.

#22 வடமராட்சியான்

பிரெஞ்சு வாசல் என்றதும் இறைச்சி நினைவுக்கு வருகிறது. கொட்டிலில் இருந்தால் கவ், மேசைக்கு வந்தால் பீஃப். கொட்டிலில் ஷீப், மேசையில் மட்டன். மேய்த்தவன் ஆங்கிலேயன், தின்றவன் நார்மன் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். பீஃப், போர்க், மட்டன் மூன்றும் லத்தீன்தானா ஐயா?

#23 பழுப்பேடு

பீஃப் 'போவெம்', போர்க் 'போர்குஸ்', இரண்டும் லத்தீன். மட்டன் பிரெஞ்சு வழிதான், ஆனால் அதன் அடி பழைய பிரான்ஸில் பேசிய 'காலிஷ்' என்ற மொழி என்று கருதப்படுகிறது. லத்தீன் அதைக் கடனாகத்தான் எடுத்துக்கொண்டது. மேய்த்தவன், தின்றவன் கதையைப் பரப்பியவர் வால்டர் ஸ்காட், 1819இல் வெளிவந்த நாவலில். முதலில் கோடு அவ்வளவு கறாராக இல்லை. பல நூற்றாண்டுகள் உயிருள்ள மாட்டையும் பீஃப் என்றே எழுதியிருக்கிறார்கள்.

#24 செவிலி

பஸ்ஸை யாரும் சொல்லவில்லையே? முழுப் பெயர் 'ஆம்னிபஸ்', எல்லோருக்கும் என்று பொருள். 'ஆம்னி' வரைதான் வேர், 'பஸ்' வெறும் நான்காம் வேற்றுமை விகுதி. 1829இல் ஜார்ஜ் ஷிலிபியர் லண்டனில் குதிரை பூட்டிய ஆம்னிபஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். கொஞ்ச காலத்திலேயே மக்கள் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 'எல்லோருக்கும்' என்பதில் 'எல்லோர்' போய், 'உக்கும் எத்தனை மணிக்கு வரும்?' என்று நிறுத்தத்தில் நின்று கேட்பது போல.

#25 நெருஞ்சி

நம் ஊரில் இன்னொரு படி மேலே போனோம். தனியார் சொகுசு வண்டிக்கு மட்டும் 'ஆம்னி பஸ்' என்று பெயர் வைத்து, டிக்கெட்டை எல்லோருக்கும் எட்டாத விலையில் விற்கிறோம்.

#26 அரும்பு

பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். 'பெட்' வேரின் பக்கத்தில் பீடியாட்ரிஷியனையும் வைத்து, இதில் யார் குடும்பத்தில் சேராதவர் என்று கேட்கப்போகிறேன். ஒரு கடைசிச் சந்தேகம் ஐயா. ரிசீட்டுக்கு பி நட்டவர்கள், அதே 'காபெரே' குடும்பத்து டிசீட்டுக்கும் கன்சீட்டுக்கும் ஏன் நடவில்லை?

#27 பழுப்பேடு

நட்டார்கள். பழைய நூல்களில் மூன்றையும் பியோடும் பி இல்லாமலும் எழுதியிருக்கிறார்கள். அச்சு வழக்கம் நிலைத்தபோது ஒன்றில் பி ஒட்டிக்கொண்டது, மற்ற இரண்டில் உதிர்ந்துவிட்டது. விதி எதுவும் கிடையாது. பிள்ளைகள் இந்த மூன்றை மட்டும் மனப்பாடம் செய்யட்டும்.